ஆசனத்தை விட நினைக்கும் மெம்பர்களுக்கு

இந்த ஊரில் பிரதேச சபை மெம்பராக வருவதற்கு யோசனை சொல்லப் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். விலகுவது எப்படி என்று கேட்டால் மட்டும் "விசரா உனக்கு?" என்பார்கள். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் வென்று போனவர்களில் சிலர் இப்போதே அந்த யோசனையில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கடைக்கு வந்து குழாய் விலை, ஆணி விலை எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் அதைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன்.

நான் திருகோணமலை நகரை ஒட்டிய ஒரு பிரதேச சபையில் 2018 முதல் 2023 வரை உறுப்பினராக இருந்தேன். கட்சி கொடுக்கும் பேர்ப் பட்டியலில் வந்தவன் அல்ல, வட்டாரத்தில் வாக்கு வாங்கி வென்றவன். நிலாவெளி வீதிப் பக்கம் சின்ன ஹாட்வெயார் கடை. காலம் முடிந்ததும் மறுபடி தேர்தல் கேட்கவில்லை. யாரோடும் சண்டையில்லை, தோற்றுவிடுவேன் என்ற பயமும் இல்லை. போதும் என்று பட்டது, விட்டேன். என்னோடு இருந்தவர்களில் இரண்டொருவர் நடுவிலேயே விலகினார்கள். அவர்களுக்குக் கடிதம் எழுதவும் பக்கத்தில் இருந்து உதவினேன்.

காரணம் எது என்று முதலில் பாருங்கள்

விலகல் கடிதங்கள் எல்லாவற்றிலும் "தனிப்பட்ட காரணங்களால்" என்றுதான் இருக்கும். ஊருக்கு அது போதும், உங்களுக்குப் போதாது. காரணத்தைப் பொறுத்து மருந்து மாறும். சிலருக்குத் தேவை ஆசனத்தை விடுவது அல்ல, சபையிடம் கேட்டு எடுக்கும் விடுமுறை. சிலர் விட வேண்டியது தவிசாளர், அதாவது சபைத் தலைவர், கதிரையை மட்டும். சிலர் விட வேண்டியது கட்சியை. அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒன்றாக விட்டால் திரும்பிப் போக வழியில்லை.

நான் கண்ட காரணங்களில் முதலாவது காசு. யாரும் வெளியே சொல்வதில்லை, ஆனால் அநேகம் பேருக்கு அடியில் கிடப்பது இதுதான். என் காலத்தில் பிரதேச சபை உறுப்பினரின் மாதக் கொடுப்பனவு 15,000 ரூபா. நாங்கள் வென்ற 2018 பெப்ரவரியில் ஒரு லீற்றர் ஒக்டேன் 92 பெற்றோல் 117 ரூபா. 2022 ஜூன் கடைசியில் அதே லீற்றர் 470 ரூபா. கொடுப்பனவு அதே 15,000. ஓய்வூதியம் கிடையாது, அலுவலக அறை கிடையாது. மோட்டார் சைக்கிளும் போனும் சொந்தச் செலவு.

பெற்றோலையாவது வேலைக்கான செலவு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆளைத் தின்பது என்வலப், விசேஷங்களுக்குக் காசு வைத்துக் கொடுக்கும் உறை. மரண வீடு, சாமத்திய வீடு, கோயில் உபயம், கழகத்தின் கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்குக் கிண்ணம். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி அழைப்பிதழில் உங்கள் பேரைப் பெரிய எழுத்தில் போட்டுவிடுவார்கள். பேர் போட்ட பிறகு வெறுங்கையோடு போக முடியாது. முன்பு ஆயிரம் வைத்த இடத்தில் மெம்பரானதும் இரண்டாயிரமாவது வைக்க வேண்டும். குறைந்தால் அந்த வீட்டில் அல்ல, சந்தியில்தான் கதைப்பார்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு அடியும் உண்டு. "இரண்டு பை சீமெந்து, கணக்கில எழுதுங்கோ மெம்பர்." வாக்குப் போட்டவரிடம் கடனைத் திருப்பிக் கேட்பது எப்படி? அதேநேரம், சபை வேலை எடுத்த ஒப்பந்தக்காரர் சாமான் வாங்க வந்தால் அவரை வேறு கடைக்கு அனுப்பினேன். சபையின் ஒப்பந்தங்களில் உறுப்பினருக்கு நேராகவோ மறைமுகமாகவோ பங்கு இருக்கக் கூடாது, ஆசனமே போய்விடும். ஆக, காசு வரும் வியாபாரம் வாசலோடு திரும்பிப் போனது, காசு வராத வியாபாரம் உள்ளே வந்தது.

காசுதான் காரணம் என்று சந்தேகம் இருந்தால் ஒரு கொப்பி வாங்கி, என்வலப், பெற்றோல், போன், கடன் என்று நாலு கோடு போட்டு சில மாதங்களாவது எழுதுங்கள். அதை வீட்டில் காட்டுங்கள். சில வேளை கூட்டலைப் பார்த்ததும் விலகும் எண்ணம் போய், என்வலப்பை நிறுத்தும் எண்ணம் வரும். என் வட்டாரத்துக்குப் பக்கத்து வட்டாரக்காரர் அப்படித்தான் செய்தார். "நான் மரண வீட்டுக்கு மட்டும் வருவேன், மற்றதுக்கு வரமாட்டேன்" என்று அறிவித்துவிட்டார். கொஞ்ச நாள் திட்டினார்கள், பிறகு பழகிவிட்டது. அவர் கடைசி வரை இருந்தார்.

இரண்டாவது காரணம், செய்ய முடியாத வேலைகளுக்கு ஏச்சு வாங்குவது. நிலாவெளி வீதியில் குழி விழுந்தால் அது வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் வேலை. தண்ணீர் வராவிட்டால் நீர் வழங்கல் சபை, கம்பி அறுந்தால் மின்சார சபை. காணிப் பிரச்சினை என்றால் பிரதேச செயலகத்தில் தொடங்கி வனத் திணைக்களம், தொல்லியல் திணைக்களம், துறைமுக அதிகாரசபை என்று போய்க்கொண்டே இருக்கும். திருகோணமலையில் மக்களின் பெரிய கவலை காணி. அதில் பிரதேச சபை உறுப்பினர் சபையில் ஒரு கண்டனத் தீர்மானம் கொண்டுவரலாம், அவ்வளவுதான். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி சூறாவளி திரியாய், குச்சவெளிப் பக்கமாகக் கரை ஏறியபோது எங்கள் போன்கள் ஓயவில்லை. நிவாரணப் பட்டியல் எழுதுவது கிராம உத்தியோகத்தர், பொறுப்பு பிரதேச செயலகம். ஆனால் வாக்குக் கேட்டு வாசலுக்கு வந்தது நாங்கள்தானே, அதனால் ஏச்சும் எங்களுக்குத்தான்.

சபைக்கென்று மிஞ்சுவது உள்வீதி, வடிகான், தெருவிளக்கு, குப்பை, சந்தை, மயானம், நூலகம், சோலைவரி. இவை சின்ன வேலைகள் அல்ல. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிக் கரையில் வெள்ளைக்காரர் நிறையும் பருவத்தில் குப்பை ஒழுங்காகப் போகாவிட்டால் ஊரே நாறும். (நகரத்துக்குள் என்றால் மான்கள் வேறு வந்து பையைக் கிழித்துப் பிளாஸ்டிக்கையும் சேர்த்து மென்றுகொண்டு நிற்கும்.) ஒரு சின்னப் பரீட்சை சொல்கிறேன். உங்கள் வட்டாரத்தில் கடைசியாக ஒரு தெருவிளக்கு எரியத் தொடங்கிய இரவில் உங்களுக்குச் சந்தோஷமாக இருந்ததா? இருந்தது என்றால் விலகாதீர்கள், களைப்பு மட்டும்தான். ஒன்றும் தோன்றவில்லை என்றால் நீங்கள் வேறு வேலைக்கு ஆசைப்பட்டு இந்தக் கதிரையில் வந்து இருந்திருக்கிறீர்கள்.

அந்த வேறு வேலைக்குப் போகும் ஏணியும் இப்போது இல்லை. முன்பெல்லாம் பிரதேச சபை, பிறகு மாகாண சபை, அதற்கு மேல் பாராளுமன்றம் என்று கணக்குப் போடுவார்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதன்பின் தேர்தலே வைக்கவில்லை. மாவட்டத்துக்குப் பாராளுமன்ற ஆசனம் நாலு. அந்த நாலுக்குள் இனம், கட்சி, பிரதேசம் எல்லாம் பார்த்து, ஒரு வட்டார மெம்பருக்கு இடம் எப்போது வரும்? கெட்டிக்காரப் பொடியன்கள் விலகுவதற்கு இதுதான் முக்கிய காரணம் என்பது என் எண்ணம். அவர்கள் பதவியை வெறுத்து விலகவில்லை. இதற்கு மேல் படி இல்லை என்று கண்டுகொண்டார்கள்.

வீட்டுக் காரணத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும். எங்கள் காலத்தில் ஒரு விசேஷம் இருந்தது. நாலு வருடம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனோம். 2022 மார்ச்சில் முடிய வேண்டியதை அமைச்சர் ஒரு வருடம் நீட்டினார். பெற்றோல் வரிசையும் மின்வெட்டும் உச்சத்துக்குப் போனது அந்த மேலதிக வருடத்தில்தான். வாக்குக் கொடுத்த நாலு வருடம் முடிந்த அன்றே விலகுகிறேன் என்று ஒருவர் நின்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

உங்கள் விருப்பம்தானா?

இந்தக் கேள்வியைப் பட்டியல் ஆசனத்தில் வந்தவர்கள் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் சுழற்சி முறை என்ற ஒன்று உண்டு. ஒரு பட்டியல் ஆசனத்தை இரண்டு பேர், சில இடங்களில் மூன்று பேர், பங்கு போட்டுக்கொள்வார்கள். முதலில் போகிறவரிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். காலம் வந்ததும் திகதியை நிரப்பினால் சரி. பத்திரிகையில் "சுயவிருப்பின் பேரில் விலகினார்" என்று வரும்.

ஒப்புக்கொண்டு போனால் அதை மதிப்பது வேறு விஷயம். ஆனால் பெண் உறுப்பினர்களிடம் இது கூடுதலாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். 25 சதவீதப் பெண் ஒதுக்கீடு வந்ததால் பட்டியலில் பேர் தேவைப்பட்டது, பேர் கொடுத்தார்கள். அந்த அக்காமார் வேலை பழகி, வருமானப் பரிசோதகரிடமும் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமும் கேள்வி கேட்கத் தொடங்கிய நேரத்தில், "சரி தங்கச்சி, உங்கட தவணை முடிஞ்சுது" என்று வந்து நிற்பார்கள். அப்படி யாராவது வந்தால் அதே இடத்தில் சம்மதம் சொல்லாதீர்கள். "யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை" என்று அனுப்பிவிட்டு, முன்பு எதில் கையெழுத்துப் போட்டீர்கள், அதன் பிரதி இருக்கிறதா என்று தேடுங்கள். மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போய் நிலைமையைக் கேளுங்கள். இனிமேல் வருபவர்களுக்கு: திகதி இல்லாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

தவிசாளர்களின் கணக்கு வேறு. வரவு செலவுத் திட்டம் இரண்டாவது தடவையும் தோற்றால் கதிரை தானாகப் போகக்கூடும். 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர முதல்வர் ஆர்னோல்ட் அப்படித்தான் பதவி இழந்தார். அவருக்குப் பிறகு வந்த மணிவண்ணன், 2022 டிசம்பரில் முதல் தடவை தோற்றதும் இரண்டாவது தடவைக்கு நிற்காமல் தானே விலகினார். தள்ளிவிடுவதற்கு முன் இறங்குவதும் ஒரு மரியாதைதான். உங்கள் நிலை அதுவென்றால் தவிசாளர் பதவியை மட்டும் விட்டு உறுப்பினராக இருக்க முடியுமா என்று பாருங்கள். மனம் விடாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் வட்டாரத்துக்கு அது நல்லது.

எப்போது, யாரிடம், எப்படி

நவம்பர், டிசம்பரில் விலகாதீர்கள். ஒன்று, அது வரவு செலவுத் திட்ட நேரம். பெரும்பான்மை இல்லாத சபையில் அந்த நேரம் ஒரு உறுப்பினர் விலகினால் "எவ்வளவு வாங்கினான்?" என்றுதான் ஊர் கேட்கும், ஆயுசுக்கும் அந்தப் பேர் போகாது. மற்றது, அது மழைக்காலம். வடிகான் அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் வந்த வாரத்தில் மெம்பர் இல்லை என்றால் யார்தான் மன்னிப்பார்கள்? தை, மாசி நல்லது. திட்டம் நிறைவேறியிருக்கும், தண்ணீரும் வற்றியிருக்கும்.

முதலில் வீடு. அடுத்து, கடிதம் கொடுப்பதற்கு முன், கட்சி. இந்த ஒழுங்குக்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் ஆசனம் வெறுமையானால் வட்டாரத்தில் இடைத்தேர்தல் வராது. நீங்கள் வாக்கு வாங்கி வென்ற ஆசனமாக இருந்தாலும் கட்சிச் செயலாளர் ஒரு பேரைக் கொடுப்பார், வர்த்தமானியில் வரும், அவர் மெம்பர். சுயேச்சைக் குழு என்றால் குழுத் தலைவர் கொடுப்பார். உங்களுக்கு வாக்குப் போட்ட சனத்திடம் யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே அடுத்தது யார் என்று பேரம் பேச உங்களுக்கு இருக்கும் ஒரே நேரம் கடிதம் கையில் இருக்கும் நேரம். "இந்த வட்டாரத்திலேயே இருக்கிற ஆளைப் போடுங்கோ, அப்ப உடனே கடிதம் தாறன்" என்று சொல்லலாம். எழுத்தில் உறுதி கிடைக்காது, ஆனாலும் நாலு பேர் முன்னால் சொல்ல வையுங்கள். என் நண்பர் ஒருவர் இதைச் செய்யாமல் கொடுத்தார். அவருடைய இடத்துக்கு வந்தவருக்கு அந்த வட்டாரத்தில் ஒரு சந்து பொந்தும் தெரியாது.

கடிதத்தை யாருக்கு முகவரியிடுவது, என்ன வாசகம் வேண்டும் என்பதை மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலும் சபைச் செயலாளரிடமும் கேட்டு எழுதுங்கள். சபைக் கூட்டத்தில் கோபத்தில் எழும்பி "நான் விலகிறன்" என்று கத்திவிட்டுப் போவது விலகல் ஆகாது. பேசாமல் வீட்டில் இருந்துவிடுவதும் சரியில்லை. அனுமதி இல்லாமல் தொடர்ந்து கூட்டங்களுக்கு வராவிட்டால் ஆசனம் தானாகப் போகும், பிறகு "துரத்திவிட்டார்கள்" என்ற கதைதான் நிற்கும். கடிதம் இரண்டு வரி போதும்: இன்ன சபையின் இன்ன வட்டார உறுப்பினராகிய நான், இன்ன திகதி முதல் பதவியிலிருந்து விலகுகிறேன். பேர், கையெழுத்து, உங்கள் கையால் போட்ட திகதி. யாரையும் குறை சொல்லி மூன்றாவது வரி எழுத வேண்டாம். நான் உதவிய கடிதங்களில் ஒன்று முதலில் நாலு பக்கம் இருந்தது. நாலு பக்கத்தையும் அவர் ஆறப் போட்டு, பிறகு தானே கிழித்தார். பிரதி எடுத்து, ஒப்படைத்த இடத்தில் முத்திரை வாங்குங்கள். முகநூலில் போடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி உறுப்பினர்களும் சொத்து, பொறுப்பு விவரம் கொடுக்க வேண்டியவர்கள். விலகும்போது என்ன படிவம் பாக்கி என்று செயலாளரிடம் கேட்டு முடித்துவிடுங்கள். றப்பர் முத்திரை, பேர் அச்சடித்த கடிதத்தாள் இரண்டையும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். யாராவது எடுத்து நற்சான்றுக் கடிதம் அடித்துவிடுவார்கள்.

ஒப்படைப்பது

இதற்கு எந்தச் சட்டமும் இல்லை, அதனால்தான் யாரும் செய்வதில்லை. ஆனால் ஒருவர் எப்படி விலகினார் என்று நான் அளப்பது இதை வைத்துத்தான்.

என்னிடம் ஒரு நீட்டுக் கொப்பி இருந்தது, கடைக் கணக்குக் கொப்பி போல. ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் ஒரு வரி. தெருவிளக்கு என்றால் வீதியின் பேரை மட்டும் எழுதினால் உதவாது. மின்கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைப் பார்த்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் வேலைக்காரர் இருட்டில் வேறு கம்பத்தில் ஏறி இறங்கிப் போய்விடுவார். என் வரிகள் இப்படி இருக்கும்: "கம்ப இலக்கம், கிணற்றடி முடக்கு, பல்ப் மாற்றியும் எரியவில்லை, ஹோல்டர் பழுது, மழைக்கு முன் செய்ய வேண்டும், பக்கத்து வீட்டில் வயோதிபர் தனியே." அந்தக் கடைசித் துண்டு எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்காது. புதிய மெம்பருக்கு அதுதான் வேண்டும்.

வீதி, வடிகான் வேலைகளைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். வாயால் சொன்னது எது, மதிப்பீடு போட்டது எது, சபைத் தீர்மானம் எடுத்தது எது, கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரும் கட்டத்தில் நிற்பது எது என்று பிரித்துக் காட்டுங்கள். தீர்மானம் எடுத்தது என்றால் எந்த மாத அமர்வு என்று எழுதி, கூட்ட அறிக்கையின் பிரதியை இணையுங்கள். இது இல்லாவிட்டால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் வேலைக்குத் தன் பேரில் கல் நடுவார். இரண்டாவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வீதி வந்தால் சரி.

நீங்கள் கொடுத்த வாக்குறுதிகளில் நடக்கவே நடக்காதவையும் இருக்கும். அந்த வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். பொதுவாக ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பதை விட, குழாய்க் கிணறு கேட்ட அம்மாவின் முற்றத்தில் நின்று "அது நடக்காதம்மா, நீங்கள் இந்த அலுவலகத்தில் இவரைப் போய்ப் பாருங்கோ" என்று சொல்வது அவருக்கு உதவும்.

பிறகு

போன் உடனே நிற்காது. பல மாதங்களுக்குப் புதிய மெம்பரின் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நீங்களே எடுத்து வேலையை முடித்துக் கொடுக்காதீர்கள். ஆசை வரும், கை பழகியிருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் வட்டாரத்தில் இரண்டு மெம்பர் இருப்பார்கள், ஒருவருக்கும் அதிகாரம் இருக்காது. புதியவரைப் பற்றிச் சந்தியில் யாராவது குறை சொன்னால் பேச்சை மாற்றுங்கள். என்வலப் மெல்ல மெல்லப் பழைய ஆயிரத்துக்கு இறங்கலாம், யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. கடைக் கடனையும் இனிக் கேட்கலாம். எனக்கு வர வேண்டியதில் பாதிக்கு மேல் வந்தது.

அடுத்த வேட்புமனுக் காலம் வரும்போது கட்சிக்காரர் கட்டாயம் வருவார்கள். 2023 ஜனவரியில் என்னிடம் வந்தவர்கள் "பேர் மட்டும் தாங்கோ, பட்டியல் நிரம்பினால் போதும்" என்றார்கள். அப்போது பேர் கொடுத்தவர்கள் மார்ச் 9 தேர்தலுக்குக் காத்திருந்தார்கள். அது ஏப்ரலுக்குத் தள்ளிப்போய், நடக்காமலே விட்டது. கடைசியில் 2025இல் தனிச் சட்டம் கொண்டுவந்து அந்த வேட்புமனுக்களை இரத்துச் செய்து, புதிதாகக் கேட்டார்கள். இரண்டு வருடம் வேட்பாளராகவே தொங்கினார்கள் பாவம். வருகிறவர்களிடம் மறுப்புச் சொல்லும்போது காரணம் மட்டும் சொல்லாதீர்கள். காசில்லை என்றால் செலவை நாங்கள் பார்க்கிறோம் என்பார்கள், நேரமில்லை என்றால் நீங்கள் வெளியில் வரவே தேவையில்லை என்பார்கள், உடம்பு சரியில்லை என்றால் மகனின் பேரைக் கேட்பார்கள். தேத்தண்ணி கொடுத்து, "இல்லை அண்ணை, நான் கேட்கேல்லை" என்று மட்டும் சொல்லி, வட்டாரத்தில் வேலை செய்யக்கூடிய இரண்டு பேரின் பேரைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். அந்த இரண்டு பேரிடமும் முன்கூட்டியே ஒரு சொல் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.